காதாலும் படிக்கலாம்! – எழுத்து தடுமாறும் மாணவர்க்கு இலக்கியமும் படிக்கும் முறையும்

(மூன்றாமாண்டு, அச்சுத் தொழில்நுட்பவியல்)



எல்லா வகுப்பிலும் ஒருத்தன் இருப்பான். ஒர்க்ஷாப்பில் நிறுத்தினால் பைல் பிடிக்கிற கை அரை மில்லி பிசகாது. மோட்டார் ஓடுற சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லுவான். ஆனால் ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னால் பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். முதல் செமஸ்டர் இங்கிலீஷ் அரியர் மூன்றாம் ஆண்டு வரை கூடவே வரும். நாமும் "அவனுக்குப் படிப்பு ஏறாதுடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அந்த ஒரு வார்த்தை சரிதானா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். எனக்கு அடுத்து என் தம்பி, ஒன்பதாம் வகுப்பு. அவனுக்காகத் தேடிப் படித்ததையும், அவனோடு உட்கார்ந்து பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

டிஸ்லெக்சியா என்பது என்ன?

கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், அறிவிலும் குறைவில்லை. ஆனால் எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றுவதில் மட்டும் மூளை சிரமப்படும். இதற்குப் பெயர் டிஸ்லெக்சியா. ஜெர்மன் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் இந்தச் சொல்லை உருவாக்கினார். 1896-ல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், விளையாட்டில் சளைத்தவன் இல்லை, ஆனால் சின்னச் சின்ன வார்த்தைகளைக்கூடப் படிக்க முடியவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் குறித்திருக்கிறார். நூற்றி இருபத்தைந்து வருஷம் தாண்டியும் இந்த விஷயம் நம் வகுப்பறைக்கு முழுசாக வந்து சேரவில்லை.

இதோடு சேர்த்து அறிய வேண்டியவை இன்னும் இரண்டு. கவனத்தை ஒரே இடத்தில் நிறுத்தச் சிரமப்படுவது ஏ.டி.எச்.டி. பிறரோடு பேசிப் பழகுவது, ஒலி ஒளியைத் தாங்குவது போன்றவை வேறு மாதிரி அமைவது ஆட்டிசம். இவற்றையெல்லாம் நோய் என்று பார்க்காமல், மூளை அமைப்பில் உள்ள வேறுபாடு என்று பார்க்கும் கருத்து 1990-களின் கடைசியில் பரவியது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சமூகவியல் மாணவி ஜூடி சிங்கர் 1998-ல் தம் ஆய்வேட்டில் இதை எழுதினார். எல்லா மரமும் ஒரே மாதிரி காய்ப்பதில்லை, அதுபோலத்தான்.

தமிழ் எழுத்தில் எங்கே தடுமாற்றம்?

நம் மொழியில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247 எழுத்து. இங்கிலீஷ் மாதிரி எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்ற குழப்பம் தமிழில் குறைவு. ஆனால் வேறு சிக்கல்கள் உண்டு.

ஒன்று, ஒலி நெருக்கம். வலி, வழி, வளி, மனம், மணம், அரம், அறம், பல்லி, பள்ளி. பேச்சில் இவற்றைப் பல பேர் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறோம். காதில் வேறுபடாததைக் கை வேறுபடுத்தி எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு, எழுத்து வரிசை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, 'க' பின்னால் வருகிறது. சொல்லும்போதோ 'க்' முதலில், 'எ' பிறகு. 'கொ' என்றால் ஒரே ஒலிக்குறி எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கிறது. 'கௌ'-வில் கடைசியில் நிற்கும் குறி 'ள' மாதிரியே இருக்கிறது. கண் போகும் வரிசையும் காது போகும் வரிசையும் ஒன்றாக இல்லை. சாதாரணப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் தாண்டிவிடுகிற இந்த இடத்தில்தான் டிஸ்லெக்சியா பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

எழுத்தை எளிமையாக்குவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஓலைச்சுவடியில் எகர ஏகாரம், ஒகர ஓகாரம் குழம்பிக் கிடந்ததைப் பார்த்து, நெடிலுக்கு இரட்டைக் கொம்பு போட்டுக் காட்டியவர் வீரமாமுனிவர் (1680–1747). துதிக்கை போல் வளைத்து எழுதிய பழைய ணை, லை, ளை, னை முதலியவற்றை மாற்றிப் பெரியார் 1935-ல் குடிஅரசு ஏட்டில் அச்சிட்டார். எம்.ஜி.ஆர். அரசு 1978-ல் அதை ஆணையாக்கியது. படிக்கிறவனுக்காக எழுத்து வளைந்து கொடுத்திருக்கிறது. அப்படியிருக்க, பாடம் நடத்தும் முறை மட்டும் ஏன் வளையக்கூடாது?

நம்ம ஊரில் இது ஏன் பெரிய விஷயம்?

சிவகாசி வட்டாரத்தில் "படிப்பு ஏறல" என்ற வார்த்தைக்கு ஒரு காலத்தில் ஒரே அர்த்தம்தான்: தீப்பெட்டி ஆபீசு, இல்லாவிட்டால் பயர் ஆபீசு. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-ல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் நம் சிவகாசியும் ஒன்று. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்புச் சொன்னது. விதிமீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது அத்தீர்ப்பு. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் வறுமையால் போனார்கள், எத்தனை பேர் எழுத்து தடுமாறியதால் வகுப்பில் அடிவாங்கி ஓடிப்போனார்கள் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

எங்கள் அம்மா பயர் ஆபீசில் குழாய் உருட்டுகிறார்கள். அந்தச் சம்பளத்தில்தான் நான் படிக்கிறேன். ஆகவே அந்த வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. விரும்பிப் போவது வேறு, வேறு வழியில்லாமல் போவது வேறு. என் தம்பியைப் பார்த்து மாமா, "விடு மாப்ள, பதினெட்டு முடியட்டும், ஆபீசு இருக்கவே இருக்கு" என்று ஆறுதலாகத்தான் சொல்கிறார். அந்த ஆறுதல்தான் எனக்குப் பயம்.

காரணம் சொல்கிறேன். பொட்டாசியம் நைட்ரேட், பொட்டாசியம் குளோரேட் இரண்டும் வெள்ளைப் பொடி. பெயரில் முதல் சொல் ஒன்றே, இரண்டாவது சொல்லில்தான் வித்தியாசம். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் உரசினாலே பற்றிக்கொள்ளும் என்பதால் அந்தக் கலவை 1992 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. லேபிளைப் படிப்பது இந்த ஊரில் மார்க்கு விஷயம் இல்லை, உயிர் விஷயம். எழுத்து தடுமாறுகிறவனுக்குப் படிக்க வழி கண்டுபிடித்துக் கொடுக்காமல், மருந்து அறைக்குள் அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

இலக்கியத்தை எப்படிப் படிப்பது?

எழுத்து ஏறாதவனுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்கலாம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் டிஸ்லெக்சியா சான்றிதழ் உள்ளவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்குப் பெறும் சலுகையும் இருக்கிறது. அது நியாயமான சலுகை, தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் விலக்கு தேர்வுக்குத்தான், இலக்கியத்துக்கு இல்லை. இலக்கியம் தாளில் பிறக்கவில்லை, வாயில் பிறந்து காதில் வளர்ந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் வில்லுப்பாட்டும் எந்த அச்சாபீசில் அடித்து வந்தன?

என் தம்பிக்கு வழிகாட்டியவர் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநர் டீச்சர். வாரம் இரண்டு நாள், சாயங்காலம், போனில் வீடியோ வழியாகப் பாடம். அரை மணி நேரம்தான், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் கற்றுக்கொண்டவை:

சிலப்பதிகாரம் வழக்குரை காதையை எடுத்தார். முதலில் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "நீதான் வக்கீல். கண்ணகி பக்கம் பேசு. சாட்சி என்ன இருக்கு?" என்றார். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் என்பதைக் கதையாகக் கேட்டதும் இவன் துள்ளிவிட்டான். "அப்போ உடைச்சுப் பார்த்தா தெரிஞ்சிரும்ல டீச்சர்!" என்றான். அந்த நாடகத்தின் உயிர்நாடியே அதுதானே! அதன் பிறகு பாட்டை அவர் வாசிக்க, இவன் திரையில் விரலை வைத்துக்கொண்டு கூடவே போனான். பொருள் முதலில், எழுத்து பிறகு. பள்ளியில் இது தலைகீழாக நடக்கிறது.

குறளுக்கு வேறு வழி. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். ஏழு தட்டு. சீருக்கு ஒரு தட்டாகக் கையால் தட்டிக்கொண்டே சொல்ல வைத்தார். பிறகு எதுகை மோனை தேடச் சொன்னார். முதலெழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்று நாம் மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கினோம். டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொல்லுக்குள் உள்ள ஒலிகளைப் பிரித்துக் கேட்பதில்தான் சிரமம். அந்தக் காதைப் பழக்குவதற்கு எதுகை, மோனை, அசை பிரித்தலைவிட நல்ல பயிற்சி வேறு என்ன வேண்டும்? யாப்பிலக்கணம் வைத்தியமும் பார்க்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கதைகளுக்கு நம் கரிசல் பக்கத்து கி. ராஜநாராயணன் இருக்கிறார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர். ஆனால் கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். அவர் எழுத்து நம் பாட்டி பேசுகிற பேச்சு. காதுக்கு ஏற்கெனவே பழகிய மொழி என்பதால் வாசித்துக் கேட்டால் ஒரு சொல்லும் தங்காமல் உள்ளே இறங்கும்.

வீட்டிலிருந்தே கேட்கக் கிடைப்பவை

1. மதுரைத் திட்டம்: 1998 பொங்கலன்று தொடங்கியது. முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்து நடத்தி வளர்த்தார். பழந்தமிழ் நூல்கள் இலவசம்.

2. தமிழ் இணையக் கல்விக்கழகம்: 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. பாடங்களும் பெரிய நூலகமும் உண்டு.

3. கல்வித் தொலைக்காட்சி: 2019 ஆகஸ்டில் தொடங்கியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது, நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம் என்ற வசதி என் தம்பிக்கு அதன் வீடியோ பாடங்களில்தான் முதலில் கிடைத்தது. வகுப்பில் மூன்று முறை கேட்டால் திட்டு, போனில் முப்பது முறை கேட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

4. சுகம்ய புஸ்தகாலயா: 2016-ல் தொடங்கிய இணைய நூலகம். அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்கானது. பார்வையற்றோர் மட்டுமல்ல, டிஸ்லெக்சியா உள்ளவர்களும் சேரலாம்.

5. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன்: 1990-களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் வழிகாட்டி வருகிறது.

ஆண்ட்ராய்டு போனில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் அதை இயக்கித் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு விஷயம் கவனிக்கவும்: பக்கத்தைப் படம் பிடித்து ஒட்டிய பி.டி.எப்.-ஐ போன் நேராக வாசிக்காது. எழுத்தாகத் தட்டச்சு செய்த கோப்பு வேண்டும். ஜெராக்ஸ் கடை நோட்சை மாற்றிக்கொள்ளும்போது இதை நினைவில் வையுங்கள்.

படிக்கும் முறை: எட்டுக் குறிப்புகள்

1. இருபது நிமிஷம் படிப்பு, ஐந்து நிமிஷம் ஓய்வு. ஓய்வில் எழுந்து நடக்க வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

2. ஒரு யூனிட்டை ஐந்து துண்டாக்கு. ஒரு நாளைக்கு ஒரு துண்டு. முடித்ததை டிக் அடி.

3. முதலில் படம், பிறகு தலைப்பு, பிறகு பத்தி. நமக்கு டயகிராம் வரையத் தெரியும் அல்லவா? பாடத்தையும் பிளாக் டயகிராமாக வரை.

4. படிக்கும்போதே கேள். கண்ணும் காதும் சேர்ந்து போகட்டும்.

5. வரி தாண்டாமல் இருக்க ஒரு ஸ்கேலை அல்லது அட்டையை வரிக்குக் கீழே வை.

6. குழப்பும் எழுத்துகளுக்கு நிறம் கொடு. ல நீலம், ள சிவப்பு, ழ பச்சை. என் தம்பி இப்படித்தான் பிரித்தான்.

7. எழுதிப் பார்ப்பதற்கு முன் வாயால் சொல்லிப் பதிவு செய். அதைக் கேட்டு நீயே திருத்து.

8. மணலிலோ அரிசியிலோ விரலால் எழுது. அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்காமும் 1930-களில் வகுத்த முறை, பார்த்து, கேட்டு, தொட்டு என்று பல புலன்களால் எழுத்தைப் பழக்குகிறது. நம் திண்ணைப் பள்ளியில் தாத்தாமார்கள் மணலில் எழுதியதும் இதுவே.

அச்சுத் துறைக்காரன் சொல்லும் ஒரு வார்த்தை

நான் படிப்பது அச்சு. காலண்டரும் நோட்டும் அடிக்கிற ஊர் நம் ஊர். ஆகவே இதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டினால் டிஸ்லெக்சியா குழந்தைகள் பிழை குறைத்து வேகமாகப் படிக்கிறார்கள் என்று இத்தாலி, பிரான்சு நாட்டுக் குழந்தைகளிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்குக் கூடுதல் மை வேண்டாம், புது மிஷினும் வேண்டாம். எழுத்து 12 முதல் 14 பாயிண்ட்; வரிக்கு வரி ஒன்றரை மடங்கு இடைவெளி; இடப்பக்கம் மட்டும் சீராக நிறுத்துவது; பளபளக்கும் வெள்ளைத் தாளுக்குப் பதில் லேசான பழுப்புத் தாள். இவ்வளவுதான். வினாத்தாள் முதல் மருந்துச் சாக்கு லேபிள் வரை இப்படி அடித்து, கூடவே நிறமும் படக்குறியும் சேர்த்தால், எழுத்து தடுமாறுகிறவருக்கு மட்டுமல்ல, களைத்துப்போன கண்ணுக்கும் உதவும்.

சட்டம் தருவது என்ன?

1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்தது. அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று பெற்றவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம். 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிஷத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தந்தது. மூன்று மணித் தேர்வென்றால் ஒரு மணி நேரம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுத இயலாதவருக்குச் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை ஒட்டி 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதலும் வந்தது. சான்றுக்கு அணுக வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இது தர்மம் இல்லை, உரிமை. கண்ணாடி போட்டுப் பரீட்சை எழுதுகிறவனை நாம் காப்பி அடிக்கிறான் என்றா சொல்கிறோம்?

முடிவுரை

1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் அங்கேயே வளர்த்தார். 1797-ல் அவர் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்று அது வெளிநாடுகளுக்கும் போனது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை உலகத்துக்கே வாத்தியார் ஆன கதை இது.

அந்தச் சட்டாம்பிள்ளை வேலையை நாம் போனில் செய்யலாம் என்பதே என் வேண்டுகோள். நம் மாணவர் பேரவை ஒரு பட்டியல் போடட்டும். முதலாண்டுத் தமிழ், இங்கிலீஷ் பாடத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கட்டும். வாரம் இரண்டு சாயங்காலம், ஆளுக்கு அரை மணி நேரம், ஒரு சீனியர், ஒரு ஜூனியர். கேமராவை அணைத்து வைக்க விரும்புகிறவன் அணைத்து வைக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். யாருக்கு என்ன சிரமம் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது ஒன்றே விதி. நாம் மருத்துவர் இல்லை, யாருக்கும் பெயர் சூட்ட வேண்டாம். சந்தேகம் வந்தால் பயிற்றுநரிடம் அனுப்பினால் போதும்.

என் பங்குக்கு முதல் இரண்டு யூனிட்டைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒலி கொஞ்சம் கரகரக்கும், பக்கத்தில் அச்சு மிஷின் ஓடுகிறது. வேண்டியவர்கள் அச்சுத் துறை லேபில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.